செட்டிநாட்டில் பூங்கா அமைப்பவர்களுக்கு: நிழலும் நீரும் முதலில், ஊஞ்சல் பிறகு

பூங்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றதும் பேச்சு நேராக ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் போய்விடுகிறது. ஒப்பந்ததாரர் வண்ணப் படங்களை நீட்டுவார், எல்லாரும் அதில் விரல் வைப்பார்கள். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பூங்கா மூன்றாவது கோடையில் ஆளில்லாமல் கிடந்தால் அதற்குக் காரணம் சாமான் குறைவு இல்லை. மாலை நாலரை மணிக்கு அங்கே உட்கார நிழல் இல்லை, அவ்வளவுதான். இந்த மண்ணில் பூங்காத் திட்டம் என்பது முதலில் நிழல் கணக்கு, அடுத்தது தண்ணீர்க் கணக்கு. இரண்டும் முடிந்தபின் மிஞ்சும் இடத்தில்தான் மற்றதெல்லாம்.

நிலத்தைப் படிப்பது

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் (2019) படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் போகும் மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு என்றால் சாலை கழித்து 35 சென்ட் அளவுக்குத்தான் பூங்கா கிடைக்கும். அந்த இடம் தானப் பத்திரமாக உள்ளாட்சி பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரைபடத்தில் பச்சை அடித்திருந்தால் மட்டும் போதாது. பத்திரம் இல்லாத இடத்தில் போட்ட வேலி என்றைக்கு வேண்டுமானாலும் வழக்காகும்.

அடுத்து புல வரைபடத்தை எடுத்து, நில அளவரைக் கொண்டு எல்லைக் கல் ஊன்றச் செய்யுங்கள். வரைபடத்தில் வாய்க்காலோ, குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலோ ஓடுகிறதா என்பதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பே நீரை வைத்துத்தான். வீட்டுக் கூரையில் விழுந்த மழை முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து தெருவோரக் கால்வாய்க்கு, அங்கிருந்து ஊர்க் குளமான ஊருணிக்கு என்று இறங்கும். இன்று பொட்டலாகத் தெரிகிற இடம் ஐப்பசியில் ஓடையாக இருக்கலாம். வரத்துக்காலை மண் போட்டு மேடாக்கிப் பூங்கா கட்டினால் ஊருணி வறண்டுபோகும், பக்கத்துத் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். வரத்துக்கால் ஓடினால் அதை அப்படியே விட்டு, மேலே சிறு பாலம் போட்டு, பூங்காவின் நடுவழியாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

மண்ணையும் சோதிக்க வேண்டும். இங்கே பல இடங்களில் ஒன்றிரண்டு அடிச் செம்மண்ணுக்குக் கீழே செம்பாறை உட்கார்ந்திருக்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் கீழே பாறை அடைத்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மரம் நட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகும். உட்காரும் இடத்தையோ விளையாட்டுப் பகுதியையோ அங்கே கொண்டுபோகலாம்.

யார் எப்போது வருவார்கள் என்பதைக் கூட்டம் போட்டு மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலை நடைப்பயிற்சி ஆண்கள். ஆச்சிமார்களையும், பள்ளிவிட்டுப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்களையும் அவர்கள் இருக்கும் இடத்தில் போய்க் கேட்க வேண்டும். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் இந்த ஊர்களில் அதிகம். அவர்கள் கேட்பது மூன்றே: சாய்ந்து உட்கார இடம், இடறாத பாதை, பக்கத்தில் கழிப்பறை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்போது கூட்டம் பல மடங்காகும். அந்த ஐந்தாறு நாளுக்காக எல்லாவற்றையும் பெரிதாகக் கட்ட வேண்டியதில்லை. திறந்த தரை ஒன்றை விட்டுவைத்தால் போதும்.

நிழலுக்கு ஒரு கணக்கு

விளையாட்டுச் சாமான் விற்பவர்களின் வழிகாட்டிகளில், சறுக்குமரத்தை வடக்குப் பார்த்து வைத்தால் சுடாது என்று இருக்கும். வட நாடுகளில் சரி. காரைக்குடி வட அட்சரேகை 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அங்கிருந்து ஆவணி வரை உச்சி வேளையில் கொஞ்சம் வடக்கே சாய்ந்தே நிற்கும். அதனால் திசை மாற்றி வைத்து இங்கே தப்ப முடியாது, தலைக்கு மேலே நிழல் வேண்டும். இரண்டாவது, பிள்ளைகள் விளையாடும் நாலு மணிக்கு மேல் வெயில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் சாய்வாக அடிக்கும். எனவே உயரமான, அடர்ந்த மரங்களின் முதல் வரிசை மேற்கு எல்லையிலும் வடமேற்கு மூலையிலும் வர வேண்டும். பூவுக்காகவும் அழகுக்காகவும் வைக்கிற சிறு மரங்களைக் கிழக்கே வையுங்கள்.

மரத் தேர்வில் கவனிக்க வேண்டியது, அது கோடையில் இலையோடு இருக்குமா என்பதுதான். புங்கனும் வேம்பும் மாசி, பங்குனியில் இலை கொட்டினாலும் சித்திரை வெயில் உறைக்குமுன் தளிர்த்துவிடும். நம் ஊருக்கு இவை இரண்டும் முதுகெலும்பு. புங்கனை ஆடு அவ்வளவாகக் கடிக்காது என்பது கூடுதல் வசதி. சரக்கொன்றை பார்க்க அழகு, ஆனால் அது பூக்கும் கோடையில்தான் இலை இருக்காது. அதை வாசலுக்கு வையுங்கள், பெஞ்சுக்கு வைக்காதீர்கள். தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் (குல்மோகர்) சீக்கிரம் வளரும், அதே வேகத்தில் காற்றுக்குக் கிளை முறியும். விளையாடும் இடத்துக்கு மேலே அவை வேண்டாம். நாவல் நல்ல நிழல், பறவைகளும் வரும். ஆனால் ஆனி, ஆடியில் பழம் விழுந்து தரை வழுக்கும், கறை போகாது. நடைபாதையிலிருந்து 15 அடி தள்ளியே நடுங்கள். இலுப்பையும் மகிழமும் மெதுவாக வளர்பவை. பேரப்பிள்ளைகளுக்கென்று இரண்டு மூன்று வைக்கத்தான் வேண்டும். ஆலும் அரசும் சுற்றுச்சுவரிலிருந்து 50 அடி தள்ளி வைக்க இடம் இருந்தால் மட்டும். கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம், தமிழக அரசே தடை செய்திருக்கிறது. சாலை நடுவில் வைக்கிற பழக்கத்தில் அரளியைப் பூங்காவுக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதன் இலை, பூ, தண்டு எல்லாம் நஞ்சு. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் ஒரு செடிகூட இருக்கக் கூடாது.

இடைவெளி: புங்கன், வேம்புக்கு 20 அடி. நாவல், மருதம், இலுப்பைக்கு 30 அடி. முதல் வருடம் பொட்டலாகத் தெரிகிறதே என்று பத்தடிக்கு ஒன்று நட்டால், ஏழாவது வருடம் ஒன்றையொன்று நெருக்கி ஒல்லியாக மேலே ஓடும்.

குழியை 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழம் வெட்ட வேண்டும். ஆடியில் வெட்டி, ஒரு மாதம் வெயில் காயவிட்டு, புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே முதல் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிவிடும். செம்பாறை தட்டினால் குழியின் அடியில் கடப்பாரையால் இன்னும் ஒன்றரை அடிக்குத் துளை போட்டு, அதில் உடைகல் நிரப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் அந்தக் குழி ஒரு தொட்டிதான். மழையில் நிரம்பி நின்று வேரைக் கொல்லும், கோடையில் வேர் சுவரில் முட்டித் திரும்பிச் சுற்றும். அப்படிச் சுற்றிய மரம் பத்து வருடம் கழித்து ஒரு காற்றில் அடியோடு சாயும். நிரப்ப, வெட்டிய செம்மண் இரண்டு பங்குக்கு மக்கிய சாண எரு ஒரு பங்கு. பச்சைச் சாணம் போட்டால் கரையான் வரும்.

மரம் நிழல் தர ஐந்து முதல் ஏழு வருடம். அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கூரை தேவை.

திண்ணை

இந்த ஊர் வீடுகளின் முகப்பைப் பார்த்தே இதைச் செய்யலாம். 30 அடி நீளம், 20 அடி அகலத்தில் கல்தூணோ செங்கல் தூணோ வைத்து ஓட்டுக் கூரை போடுங்கள். தகரம் வேண்டாம், பகலில் அடுப்பாகும், மழையில் பேச்சுக் கேட்காது. தாழ்வாரம் மேற்குப் பக்கம் தரையிலிருந்து ஏழடிக்கு மேல் போகக் கூடாது. பத்தடி உயரத்தில் கம்பீரமாகக் கட்டினால் மாலை வெயில் முழுவதும் உள்ளே விழும். திண்ணையின் உயரம் ஒன்றரை அடி, அகலம் இரண்டரை அடி. இந்த அகலம் இருந்தால்தான் ஒருவர் காலை மடக்கி உட்காரவும், ஒரு அப்பத்தா சற்றுச் சாயவும் முடியும். முன்விளிம்பைக் கூர்மையாக விடாமல் உருட்டிப் பூசுங்கள். மேற்பரப்பு சிவப்பு காவிச் சிமெண்டு. வெயில் படுகிற இடத்தில் கடப்பாக் கல் போட்டால் ஐந்து மணிக்கும் உட்கார முடியாது.

ஆத்தங்குடிக் கல் பதிக்க எல்லாருக்கும் ஆசை, நியாயமான ஆசைதான். ஆனால் அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டுக் கூழ் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் வைத்துக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடி தருகிற அந்த வழவழப்பு ஈரம் பட்டால் வழுக்கும், நேர் வெயிலில் நிறம் மங்கும். எனவே கூரைக்கு உள்ளே, சாரல் விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி மட்டும் பதியுங்கள். நடைபாதையில் ஒருபோதும் கூடாது.

இதோடு இன்னொரு திண்ணை, சுற்றுச்சுவரின் வெளிப்புறத்தில், தெருவைப் பார்த்து. காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நாலு மணிக்குத் திறக்கிற பூங்காக்கள்தான் அதிகம். வெயில் உச்சத்தில் ஆட்டோக்காரருக்கும் கீரைக்கார அம்மாவுக்கும் நிழல் தேவைப்படுவதே அந்த ஆறு மணி நேரத்தில்தான். சுவருக்கு உள்ளே நிற்கும் புங்கனின் நிழல் வெளியே விழுகிற இடத்தில் இருபதடி நீளத்துக்குக் கட்டிவிட்டால், பூங்கா பூட்டியிருந்தாலும் ஊருக்குப் பயன்படும். தெருவில் எந்நேரமும் ஆள் இருப்பதே உள்ளே இருப்பவற்றுக்கும் காவல்.

நீர்

40 சென்ட் பூங்கா ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். அது ஏறக்குறைய 1,620 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் கொட்டுகிற ஓர் ஐப்பசி இரவில் இந்த இடத்தில் விழுவது 81,000 லிட்டர். மூன்றடி விட்ட உறை இறக்கி எட்டடி ஆழத்துக்கு எடுக்கும் உறிஞ்சுகுழி ஒன்று காலியாக இருந்தாலே 1,600 லிட்டர்தான் கொள்ளும். நான்கு குழி எடுத்து மழைநீர் சேகரிப்பு முடிந்தது என்று எழுதிவிடுவது தவறு. தாழ்ந்த மூலையில் 30 அடிக்கு 15 அடி, ஓர் அடி ஆழத்தில் சரிவான கரையோடு ஒரு பள்ளம் விட்டால் அது மட்டுமே 12,700 லிட்டர் தாங்கும். உள்ளே வெட்டிவேரும் கோரையும் வையுங்கள், கரையில் மருதம் நடுங்கள். உறிஞ்சுகுழியைப் பள்ளத்துக்கு நடுவில் எடுத்து, வாயைத் தரையிலிருந்து அரையடி உயர்த்துங்கள். தரைமட்டத்தில் வைத்தால் முதல் மழையின் சேறே அதை அடைத்துவிடும். மூன்று நாளைக்கு மேல் தண்ணீர் நின்றால் கொசு வரும், அப்போது குழியைத் தூர்வார வேண்டும் என்று அறிந்துகொள்ளலாம்.

பக்கத்திலேயே ஊருணி இருந்தால் அதைவிட நல்லது இல்லை. பூங்காவின் மிகுநீரை அதற்குத் திருப்பலாம், கரையையே நடைபாதை ஆக்கலாம். அடியில் மட்டும் சிமெண்டுத் தளம் போடக் கூடாது, ஊற்று அடைபடும்.

புல்வெளி கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கோடையில் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வரை தேவை. 3,000 சதுர அடிப் புல்லுக்கு ஒரு நாளைக்கு 1,400 லிட்டர், வாரத்துக்கு 9,800 லிட்டர். ஐம்பது மரக்கன்றுகளுக்குத் தலா 20 லிட்டர் வீதம் வாரம் இரண்டு முறை ஊற்றினால் வாரத்துக்கு 2,000 லிட்டர். அதுவும் இரண்டு கோடைக்கு மட்டும், அதன்பின் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். மோட்டார் ஒரு வாரம் பழுதானாலே புல் காய்ந்து புழுதியாகும். இங்கே புல்வெளிக்குப் பதில் பெருக்கி வைத்த செம்மண் தரையும் மர நிழலுமே பொருத்தம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கன்றுக்குத் தண்ணீர் விட மானாமதுரை மண்பானை சிறந்த வழி. பத்து லிட்டர் கொள்ளும், மெருகு பூசாத பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, வாயைச் சிரட்டையாலோ ஓட்டுத் துண்டாலோ மூடுங்கள். நீர் கசிந்து வேருக்கே போகும். மேலே ஊற்றுவதில் வெயில் குடிப்பது இதில் மிச்சம்.

விளையாடும் இடம்

ஊஞ்சல் எவ்வளவு இடம் எடுக்கும் என்பதை வரைபடத்தில் யாரும் குறிப்பதில்லை. குறுக்குக் கம்பியின் உயரம் எவ்வளவோ அதைப்போல் இரு மடங்கு முன்னாலும், இரு மடங்கு பின்னாலும் வெற்றிடம் வேண்டும். எட்டடி உயர ஊஞ்சலுக்கு முன்பின் சேர்த்து 32 அடி. ஆறடி உயரம் என்றால் 24 அடி. சிறு பூங்காவுக்கு ஆறடியே போதும். ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் கூடாது, நடுவில் மூன்றாவது இருந்தால் அதில் ஏற ஓடும் பிள்ளைதான் அடிபடும். மற்ற சாமான்களைச் சுற்றி ஆறடி விடுங்கள். கம்பி இடைவெளி 9 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 23 சென்டிமீட்டருக்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவில் உடம்பு நுழைந்து தலை சிக்கும். சாமான் வந்து இறங்கும்போதே அளவுப்பட்டையோடு நின்று பாருங்கள், பொருத்தியபின் திருப்பி அனுப்ப முடியாது.

விழும் இடத்தில் ஓரடி ஆழத்துக்கு மணல். 30 அடிக்கு 25 அடி என்றால் ஏழரை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் இதற்கு ஆகாது. அதன் முனைகள் கோணலாக இருப்பதால் ஒரு மழையில் இறுகித் தளம்போல் ஆகிவிடும். உருண்டை மணியான, கழுவிய மணல்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் ரப்பர் விரிப்பு, ஆனால் நிழல் உறுதியாக இருக்கிற இடத்தில் மட்டும். வெயிலில் அது பாதத்தைப் பொசுக்கும்.

இரும்புத் தூண்கள் துருப்பிடிப்பது எப்போதும் தரையைத் தொடும் இடத்தில். கான்கிரீட் பீடத்தைத் தரைக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி, தண்ணீர் நிற்காதபடி மேற்புறத்தைச் சரித்துப் பூசினால் தூணுக்குப் பல வருட ஆயுள் கூடும். உடற்பயிற்சிக் கருவிகளுக்கும் இதுவே. அவற்றில் முதலில் போவது பேரிங். மூடிய வகை பேரிங்கும், இரண்டு செட் உதிரியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

பாதை

40 சென்ட் இடம் 45 மீட்டருக்கு 36 மீட்டர் என்று இருந்தால், எல்லையிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே தள்ளிப் போடும் சுற்றுப்பாதை 138 மீட்டர் வரும். ஏழு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் என்று நடப்பவர்கள் எண்ணிக்கொள்ளலாம். அகலம் ஆறடிக்குக் குறையக் கூடாது. இருவர் பேசிக்கொண்டு நடக்கவும் எதிரே ஒருவர் வரவும் அது தேவை. வாசலில் அரையடிப் படி இருந்தால் சக்கர நாற்காலிக்கு ஆறடி நீளச் சாய்தளம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற இந்தக் கணக்கை இடம் இல்லை என்று குறைத்தால் பின்னால் தள்ளுபவர் சேர்ந்து சரிவார். பைக் நுழையாமல் இருக்க வளைந்த கம்பிக் கதவு போடுவது சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். வாசலை ஒட்டியே நிழலில் வண்டி நிறுத்த இடம் விட்டால் உள்ளே ஓட்டிவரும் தேவை குறையும்.

பேவர் கல் 60 மில்லிமீட்டர் கனம் போதும். அது ஏன் ஒரு வருடத்தில் மேடும் பள்ளமும் ஆகிறது என்றால், கொட்டிய மண் இறுகுமுன் கல் பதிப்பதால்தான். மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். அதன்பின் ஒரு பருவமழை கடக்கட்டும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே மண் இறங்குகிறது என்பதை ஐப்பசி, கார்த்திகையில் கண்ணால் பார்த்து, தையில் கல் பதியுங்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் இதற்கும் நேரம் இருக்கிறது. எல்லாவற்றையும் செப்டம்பரிலேயே முடிக்க அவசரப்பட்டால்தான் சிக்கல். மரத்தடியில் ஐந்தடிச் சதுரம் கல் இல்லாமல் விடுங்கள்.

நூறு அடிக்கு ஒரு பெஞ்சு, முதுகும் கைப்பிடியும் வைத்து. கைப்பிடி அழகுக்கு அல்ல, முழங்கால் வலி உள்ளவர் ஊன்றி எழுவதற்கு.

கழிப்பறையைப் பின்மூலையில் ஒளித்துக் கட்டாதீர்கள், பெண்கள் போக மாட்டார்கள். வாசல் அருகே, தெருவிலிருந்து கதவு தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். தினமும் கழுவ ஆள் நியமிக்க வழி இல்லையென்றால் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள், பூட்டிய கழிப்பறை இரண்டு வருடத்தில் பாழாகும். விளக்குக் கம்பம் 15 அடி உயரம், 50 அடிக்கு ஒன்று. கேபிளை இரண்டடி ஆழத்தில் குழாய்க்குள் விட்டு மேலே செங்கல் அடுக்கி மூடுங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் இல்லாமல் இணைப்புத் தர விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

நமக்கு நாமே திட்டமோ, மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத்தோ, தொகுதி மேம்பாட்டு நிதியோ, பணம் பெரும்பாலும் கட்டுமானத்துக்குத்தான் வரும். ஒரு தோட்டக்காரரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது முடிவாகாமல் வேலை தொடங்கக் கூடாது. கன்றுகளுக்கு 24 மாதப் பராமரிப்பு, செத்ததை மாற்றி நடும் பொறுப்பு இரண்டும் தனி இனமாக எழுதப்பட வேண்டும். "மரக்கன்று நடுதல்" என்று மட்டும் இருந்தால் நட்டு, படம் எடுத்து, பில் போட்டுவிடலாம். கன்றின் உயரம் ஆறடி, தண்டு கட்டைவிரல் கனம் என்றும் குறியுங்கள். எட்டடிக்கு ஆறடியில் கருவி அறை, நாலடிச் சதுரத்தில் இரண்டு சருகுக் குழிகள். சருகைக் கொளுத்துவதை நிறுத்த வேறு வழி இல்லை. ஒன்று நிரம்பும்போது மற்றது மக்கியிருக்கும், அதையே மரத்தடியில் மூன்று அங்குலம் பரப்பலாம், தண்டைத் தொடாமல்.

ஆடு மாட்டுக்கு மூங்கில் கூண்டு ஐந்தடி உயரம். இரும்புக் கூண்டு வைத்தால் இரண்டாம் வருடக் கடைசியில் கழற்ற ஒரு தேதி குறித்து வையுங்கள். கழற்ற மறந்த கூண்டின் வளையம் தண்டுக்குள் புதைந்து, நன்றாக வளர்ந்த புங்கனும் அந்த இடத்தில் முறியும்.